தண்ணீர் குடிக்கப் பயப்படும் பெரியவர்கள்

இந்த வரிகளை எழுதுகிறவர் ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் உட்காரும் குமாஸ்தா. சென்ற மாதம் ஒருநாள் காலை, வரிசையில் நின்று வந்த பெரியவர் ஒருவர் நாகர்கோவில் எக்ஸ்பிரஸுக்கு ஒரு டிக்கெட் கேட்டார். வயது எழுபத்து நான்கு. பாரத்தை நீட்டிவிட்டு, பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, சன்னலோரமெல்லாம் வேண்டாம். கக்கூஸுக்குப் பக்கமா ஒரு கீழ்ப் படுக்கை பார்த்துப் போடு."

நாற்றம் வரும், கதவு இடிக்கும் என்று அந்த இடத்தை வேண்டாம் என்பவர்களைத்தான் தினமும் பார்க்கிறோம். கேட்டு வாங்க வந்தவர் இவர் ஒருவர்தான். "நம்பரைக் கம்ப்யூட்டர்தான் போடும் ஐயா, நான் பொறுக்க முடியாது" என்று பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பெரியவர் கோபிக்கவில்லை. "சரி, அப்ப முந்தின நாள் ராத்திரியிலேருந்தே தண்ணி குடிக்காம வந்துடுறேன்" என்று சொல்லிப் பணத்தை எண்ணி வைத்தார்.

ஒன்றரை நாளுக்கு மேல் ஓடுகிற வண்டி அது. அத்தனை நேரமும் தொண்டையை நனைக்காமல் போவது என்று அவர் தீர்மானித்துவிட்டார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆடுகிற வண்டியில், வழியில் படுத்திருப்பவர்களைத் தாண்டிப் போய், குந்தி உட்கார்ந்து, பிடிமானம் இல்லாமல் எழுந்து வர வேண்டுமே என்ற பயம்தான் அவரைக் கட்டாயப்படுத்தியது.

இது ஒரு பெரியவரின் கதையன்று. தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும், சயான், செம்பூர், பாண்டூப் பகுதிகளிலும் நம்மவர் வீடுகளில் விசாரித்துப் பாருங்கள். மாலை ஆறு மணிக்குமேல் தண்ணீர்ச் செம்பைத் தொடாத பாட்டிமார் எத்தனை பேர் என்பது தெரியவரும். ஏன் என்று கேட்டால், "தாகமில்லை" என்பார்கள். தாகம் இல்லாமலா? இரவில் செங்குத்தான இரும்பு ஏணியில் இறங்கி, ஈரமான சந்து வழியே நடந்து, பொதுக் கக்கூஸுக்குப் போய் வர வேண்டும். துணைக்கு யாரையாவது எழுப்ப வேண்டும். மகன் காலை முதல் ஷிப்டுக்குப் போகிறவன். மருமகள் அப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறாள். எழுப்ப மனம் வருமா? ஆகவே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள்.

பேசாத பேச்சு

முதுமையைப் பற்றி நாம் பேசாமல் இல்லை. மேடை தோறும் பேசுகிறோம். தாய் தந்தையரைத் தெய்வமாகப் போற்ற வேண்டும் என்கிறோம். கைவிட்ட பிள்ளைகளைக் கண்டிக்கிறோம். முதியோர் இல்லங்கள் பெருகுவதை எண்ணி வருந்துகிறோம். ஆனால் ஒரு முதியவர் காலையில் எழுந்து, கொல்லைக்குப் போய், பல் தேய்த்து, குளித்து, துணி உடுத்தி, ஒரு வாய் சாப்பிடுவதற்குள் என்ன பாடு படுகிறார் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது கூச்சத்துக்குரிய விஷயம் என்று ஒதுக்கிவிட்டோம். அவர்களுடைய பொழுதில் பாதி அந்தப் பாட்டிலேயே கழிகிறது.

மருத்துவர்கள் இதைக் கூச்சமில்லாமல் கணக்கெடுத்திருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ், தம் குழுவினருடன் 1963-ல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். குளித்தல், உடுத்தல், கழிப்பிடம் போய்வருதல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீர் மலத்தை அடக்கும் திறன், தானே உண்ணுதல் ஆகிய ஆறும் அதில் அடங்கும். இந்த ஆறில் எத்தனையைப் பிறர் உதவியின்றிச் செய்ய முடிகிறது என்பதை வைத்து ஒருவரின் நிலையை அளக்கலாம் என்றார். உலகெங்கும் அந்த அளவுகோல் இன்றும் வழக்கில் இருக்கிறது. அவர் கண்ட இன்னோர் உண்மையும் உண்டு. இந்தத் திறன்கள் பெரும்பாலும் ஒரு வரிசைப்படி போகின்றன. முதலில் குளிப்பது கடினமாகிறது. கடைசிவரை நிற்பது, தன் கையால் உண்பது. ஆகவே, "அப்பா நன்றாகத்தானே சாப்பிடுகிறார், அவருக்கென்ன குறை?" என்று நினைக்கும் மகன் கடைசிப் படியைப் பார்த்துவிட்டு முதல் படியைக் கோட்டைவிடுகிறான். அப்பா இப்போதெல்லாம் தினமும் குளிப்பதில்லை என்றால், அதைச் சோம்பல் என்று எண்ணிவிடக் கூடாது. வாளியிலிருந்து தண்ணீரை மொண்டு தலைக்கு ஊற்றத் தோள் ஒத்துழைக்கவில்லை என்பதாக இருக்கலாம். வழுக்கி விழுவோமோ என்ற அச்சமாகவும் இருக்கலாம்.

நம் நாட்டுக் கணக்கு என்ன? 2011 குடிமதிப்பின்படி அறுபது வயது கடந்தவர்கள் சுமார் 10 கோடியே 38 லட்சம் பேர். நம் மும்பையில், தேவ்னாரில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் முன்னின்று நடத்திய பெரிய ஆய்வு ஒன்று 2017-18-ல் நாடு முழுவதும் நடந்தது. 72,000-க்கும் மேற்பட்டோரைச் சந்தித்து விவரம் சேகரித்தார்கள். அறுபது கடந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்த அன்றாடக் காரியங்களில் ஏதாவது ஒன்றிலாவது சிரமம் இருப்பதை அது காட்டியது. நம் தெருவில் நான்கு பெரியவர்கள் இருந்தால் அவர்களில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குவளைத் தண்ணீரின் விலை

தண்ணீர் குடிக்காமல் இருப்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். அதன் தொடர்ச்சியைப் பாருங்கள். நீர் குறைந்தால் மலச்சிக்கல் வருகிறது. சிறுநீரில் கிருமி தங்கி எரிச்சலும் காய்ச்சலும் வருகின்றன. வயதானவர்களுக்குச் சில சமயம் புத்தி தடுமாற்றம்கூட உண்டாகிறது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எழுந்தவுடன் தலை சுற்றுகிறது. தலை சுற்றினால் விழுகிறார்கள். விழுந்தால் இடுப்பெலும்பு முறிகிறது. அதன்பின் படுக்கைதான். கக்கூஸுக்குப் போகப் பயந்து தண்ணீரைக் குறைத்தவர், கடைசியில் கக்கூஸுக்கே போக முடியாதவர் ஆகிவிடுகிறார். தொடக்கத்திலேயே ஒரு கைப்பிடிக் கம்பி இருந்திருந்தால் இத்தனைக்கும் இடமில்லை.

நம்முடைய கோலிகள் இளைஞர்களுக்காகக் கட்டப்பட்டவை. வேலை தேடி வந்த இருபது வயதுப் பையன் ஏணியில் ஏறுவான், குந்தி உட்காருவான், விடியற்காலைக் குழாயில் தண்ணீர் வரும்போது எழுந்து நாலு குடம் பிடிப்பான். அவனுக்கு அது வீடு. அதே பையன் ஐம்பது வருஷம் உழைத்து எழுபது வயதில் அதே கோலியில் இருக்கிறான். வீடு மாறவில்லை, முழங்கால் மாறிவிட்டது. மூலையிலிருக்கும் மோரியில் நின்று குளிக்க இடமில்லை, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. மறைப்புக்கு ஒரு சேலைத் திரை. ஆண்பிள்ளைகள் வெளியே போகும்வரை காத்திருந்து குளிக்கிற தாய்மாரும், மருமகள் கடைக்குப் போகும்வரை காத்திருக்கிற மாமனாரும் நம்மிடையே நிறைய உண்டு. அவர்களுக்கு அந்தக் காத்திருப்பும் ஒரு வேலையாகிவிட்டது.

யார் கை?

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்குச் செய்யும் இந்தப் பணிவிடை முழுவதையும் நாம் பெண்கள் தலையில் கட்டிவிட்டோம். மருமகளோ, மணமாகாத மகளோதான் செய்ய வேண்டும் என்று எழுதப்படாத சட்டம். அவள் நாலு வீட்டில் வேலை செய்துவிட்டு வந்தாலும் சரி, கம்பெனிக்குப் போய் வந்தாலும் சரி. மாமனாரைக் குளிப்பாட்ட அவளுக்கும் கூச்சம், அவருக்கும் கூச்சம். இருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கடைசியில் அது சண்டையாக, "தண்ணியைக் கொட்டிட்டார்", "வாசனை வருது" என்ற பேச்சாக வெளியே வருகிறது. அவமானம் கோபமாக மாறும் இடம் இதுதான்.

தகப்பனாருக்கு முதுகு தேய்ப்பதும், கால் நகம் வெட்டுவதும், முகச் சவரம் செய்வதும் மகனின் வேலை. அலுவலகம் போகும் முன் பதினைந்து நிமிஷம், ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம். சிறு வயதில் நம்மை மடியில் கிடத்திக் குளிப்பாட்டிய கைகளுக்கு இதைச் செய்வதில் என்ன குறைந்துவிடும்? "நான் சம்பாதித்துப் போடுகிறேன், அவள் பார்த்துக்கொள்ளட்டும்" என்று சொல்லும் ஆண்பிள்ளை தன் கடமையில் பாதியைத்தான் செய்கிறான்.

இன்னொரு தவறும் நடக்கிறது. அவசரத்தில் எல்லாவற்றையும் நாமே செய்துவிடுகிறோம். சட்டைப் பித்தானை அவர் போட ஐந்து நிமிஷம் ஆகிறது என்று நாம் ஒரு நொடியில் போட்டுவிடுகிறோம். கை நடுங்குகிறது என்று சோற்றை ஊட்டிவிடுகிறோம். இது அன்பன்று, அவசரம். செய்யாமல் விட்ட காரியம் சீக்கிரம் மறந்துபோகும். முடிந்ததை அவரே செய்யட்டும். முடியாததை மட்டும் நாம் செய்வோம். பித்தானுக்குப் பதில் ஒட்டும் நாடா வைத்துத் தைத்த சட்டை, கனமில்லாத தட்டு, இரு கைப்பிடி வைத்த டம்ளர், பிடி தடித்த கரண்டி இருந்தால் ஐந்து நிமிஷம் இரண்டாகக் குறையும். பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது முதலில் பலமிழந்த கையை நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் கழற்ற வேண்டும். இந்தச் சிறிய முறை தெரியாததால் எத்தனை வீடுகளில் தினமும் மல்லுக்கட்டு நடக்கிறது!

சில்லறைச் செலவில் செய்யக்கூடியவை

பெரிய பணம் வேண்டியதில்லை. மோரியில் குளிக்க, வழுக்காத ரப்பர்க் கால் வைத்த ஸ்டூல் ஒன்று. சுவரில் பலமாகத் திருகிய இரும்புக் கம்பி ஒன்று; குழாயைப் பிடித்து எழுந்தால் குழாய்தான் கையோடு வரும். தரையில் ரப்பர் விரிப்பு. குளிக்கும் முன் தலைக்கு எண்ணெய் தேய்ப்பவர்கள் உள்ளங்காலில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரவில் ஒரு சிறிய விளக்கு எரியட்டும். ஆண்களுக்குப் படுக்கையருகே மூடியுள்ள சிறுநீர்ப் புட்டி; பெண்களுக்கு மூடியுள்ள கொள்கலம் பொருத்திய நாற்காலி. மருந்துச் சாதனக் கடைகளில் 'கமோட் சேர்' என்றே கேட்கலாம். குந்தி உட்கார முடியாதவர்களுக்கு அது வரப்பிரசாதம். திரை கட்டிக் கோலியின் மூலையில் வைத்துவிட்டால் நடுநிசியில் ஏணியில் இறங்க வேண்டியதில்லை. பாட்டி மாலையில் தண்ணீரும் குடிப்பாள்.

படுக்கையிலிருந்து எழுந்தவுடன் நிற்கக் கூடாது. ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, பிறகு எழ வேண்டும். நீர் போக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் காலையிலேயே சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இரவு நடமாட்டம் குறையும். கால் நகத்தை வெந்நீரில் ஊறவைத்துவிட்டு நேராக வெட்ட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களின் காலை வாரம் தோறும் யாராவது உற்றுப் பார்க்க வேண்டும். ஆணியைப் பிளேடால் சீவுவது கூடவே கூடாது. அடிக்கடி சிறுநீர் போவதும் அடக்க முடியாமல் போவதும் "வயசானால் அப்படித்தான்" என்று விட்டுவிட வேண்டியவை அல்ல. ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் வீக்கத்துக்கு மருந்து உண்டு. பெண்களுக்கும் சிகிச்சையும் பயிற்சியும் உண்டு. டாக்டரிடம் வாய்திறந்து சொன்னால்தான் கிடைக்கும்.

அரசாங்கம் செய்திருப்பதும் செய்ய வேண்டியதும்

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டோம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. பிள்ளைகள் கவனிக்காவிட்டால் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு மாதம் ரூ. 10,000 வரை ஜீவனாம்சம் பெறலாம். கைவிட்டவர்களுக்கு மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டத்தில் ஏழை முதியவர்களுக்கு ஊன்றுகோல், வாக்கர், சக்கர நாற்காலி, செவிக்கருவி, பல்செட் முதலியவை இலவசமாகத் தரப்படுகின்றன. கமோட் நாற்காலியும் பிற்பாடு சேர்க்கப்பட்டது. மகாராஷ்டிர அரசு 2024-ல் அறிவித்த முக்கியமந்திரி வயோஸ்ரீ திட்டத்தில், 65 வயது நிறைந்த, குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ. 2 லட்சத்துக்கு உட்பட்டவர்களுக்கு இத்தகைய சாதனம் வாங்க ரூ. 3,000 ஒருமுறை தரப்படும் என்றது. 14567 என்ற முதியோர் உதவித் தொலைபேசி 2021 முதல் நாடு முழுவதும் இயங்குகிறது. இவையெல்லாம் நம்மவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தவர்கள் அடுத்த வீட்டுக்குச் சொல்ல வேண்டும்.

ஆனால் தீர்ப்பாயம் பணம் கொடுக்க உத்தரவிடலாம். கையைப் பிடித்து எழுப்பிவிட உத்தரவிட முடியாது. வாக்கர் கொடுக்கலாம்; அதை வைத்து நடக்கச் சந்து சமமாக இருக்க வேண்டாமா? வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியவருக்கான ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு 79 வயது வரை மாதம் 200 ரூபாய், 80-க்கு மேல் 500 ரூபாய்தான். மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்தாலும், துணைக்கு ஓர் ஆயா வைக்க அது எம்மூலைக்கு? சர்க்கார் உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவருக்கு 80 வயதில் பென்ஷன் 20 சதவீதம் கூடுகிறது. வயது ஏறினால் செலவும் ஏறும் என்பதைச் சர்க்காரே ஒப்புக்கொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்? தோல் பட்டறையிலும் இட்லிக் கூடையிலும் ஆயுளைக் கழித்தவர்களுக்கு மட்டும் அந்த நியாயம் இல்லாமற்போவானேன்?

மாநகராட்சியிடம் நாம் கேட்பது அதிகமன்று. ஒவ்வொரு பொதுக் கழிப்பிடத்திலும் தரைத்தளத்தில், ஆண்களுக்கு ஒன்று பெண்களுக்கு ஒன்று, உட்காரும் பீடமும் கைப்பிடிக் கம்பியும் எரிகிற விளக்கும் உள்ள அறை வேண்டும். குடிசை மாற்றுக் கட்டடங்களில் ஒதுக்கீடு செய்யும்போது நடக்க முடியாத முதியவர் உள்ள குடும்பங்களுக்குக் கீழ்த்தளம் தர வேண்டும். லிப்ட் கெட்டுப்போன ஏழாவது மாடி, பெரியவர்களுக்குச் சிறைச்சாலைதான்.

ஊரிலா, இங்கேயா?

நம் வாசகர்கள் பலருக்கு இன்னொரு தவிப்பு உண்டு. பெற்றோர் ஊரில் தனியாக இருக்கிறார்கள். "இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்கிறேன்" என்று மகன் பாசத்தோடு அழைக்கிறான். அழைக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும். ஊரில் அவர்களுக்குக் கொல்லைப்புறம் இருக்கிறது, திண்ணை இருக்கிறது, குரல் கொடுத்தால் வருகிற பங்காளி இருக்கிறார். இங்கே பத்துக்குப் பத்து அறையும் ஏணியும்தான். கழிப்பிடமும் குளிக்கும் இடமும் சரிப்படுத்தாமல் அழைத்து வருவது, மரத்தை வேரோடு பிடுங்கித் தொட்டியில் வைப்பதுபோல் ஆகும். ஊரிலேயே இருக்கட்டும் என்றால், அனுப்புகிற பணத்தில் முதல் செலவு கழிப்பறைக் கம்பிக்கும் உட்காரும் பீடத்துக்கும் ஆகட்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே வலி தணிக்கும் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் அளிக்க ஏற்பாடு உண்டு. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

பெரியவர்களைத் தனியே ரயிலேற்றுகிறவர்களுக்கு, கவுண்டருக்கு உள்ளிருந்து ஒரு வார்த்தை. அறுபது வயது கடந்த ஆண்களுக்கும் நாற்பத்தைந்து கடந்த பெண்களுக்கும் உரிய கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு, அவர்கள் தனியாகவோ, அத்தகைய இருவராகவோ ஒரு டிக்கெட்டில் போனால்தான் கணக்கில் வரும். குடும்பம் முழுவதையும் ஒரே டிக்கெட்டில் எழுதினால் அந்தச் சலுகை கிடைக்காமல் போகலாம். வண்டியில் ஏற்றிவிடும்போது உட்காரும் கழிவறை பெட்டியின் எந்தப் பக்கம் என்று பார்த்துக் காட்டிவிட்டு இறங்குங்கள். எதிர்ப் படுக்கைக்காரரிடம் "அப்பாவை ராத்திரி ஒரு தடவை கூட்டிப்போய் வாருங்கள்" என்று சொல்லிவிட்டு வருவதில் வெட்கமில்லை. தமிழன் எவனும் மறுக்கமாட்டான்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

மும்பையில் நமக்குச் சங்கங்களுக்குக் குறைவில்லை. விழா நடத்துகிறோம், பட்டிமன்றம் வைக்கிறோம், நோட்டுப் புத்தகம் வழங்குகிறோம். நல்லதே. கோழிக்கோட்டில் 1993-ல் ஒரு சிறிய குழு தொடங்கிய வேலை, ஊர்மக்களே படுக்கையிலிருப்பவர்களை வீடு தேடிச் சென்று கவனிக்கும் இயக்கமாகக் கேரளம் முழுவதும் பரவியது. 2008-ல் அம்மாநில அரசே அதற்கென்று ஒரு கொள்கை வகுத்தது. அங்கே செவிலியருடன் தச்சரும் ஆசிரியரும் கல்லூரி மாணவரும் போகிறார்கள். நாமும் அப்படித் தொடங்க முடியாதா? ஒவ்வொரு சங்கமும் நான்கு கமோட் நாற்காலி, நான்கு வாக்கர், இரண்டு சக்கர நாற்காலி வாங்கி வைத்து, வேண்டுபவர்களுக்கு இரவல் கொடுக்கட்டும். கம்பி திருகத் தெரிந்த பிளம்பர் தம்பிகள் நம்மிடையே எத்தனையோ பேர். மாதம் ஒரு ஞாயிறு, நாலு வீட்டில் கம்பி பொருத்தட்டும். மருத்துவமனைகளில் பணிபுரியும் நம் சகோதரிகள், குளிப்பாட்டும் முறையையும் புரட்டிப் படுக்கவைக்கும் முறையையும் ஒரு மாலை சொல்லிக் கொடுக்கட்டும். ஒரு விழாப் பந்தலின் செலவில் இது நடந்துவிடும்.

டிக்கெட் வாங்கிப்போன அந்தப் பெரியவர் எப்படி ஊர் போய்ச் சேர்ந்தார் என்பது தெரியாது. அவருக்குப் பிள்ளைகள் இருக்கலாம். அவர்கள் நல்லவர்களாகவும் இருக்கலாம். அவர் பயத்தை அவர்களிடம் சொல்லியிருக்கமாட்டார். முன்பின் தெரியாத குமாஸ்தாவிடம், கண்ணாடித் தடுப்பின் சிறு துளை வழியாகத்தான் சொல்ல முடிந்தது.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும், அல்லது ஊருக்குப் போன் செய்யும்போது, "சாப்பிட்டீர்களா?" என்று வழக்கம்போல் கேட்போம். அதோடு, "சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீர் குடித்தீர்களா?" என்றும் கேட்போம். இல்லை என்று பதில் வந்தால், ஏன் என்று விசாரிப்போம். அந்தப் பதிலைக் கேட்டபின் எந்தச் சுவரில் கம்பி திருக வேண்டும் என்பது நமக்கே தெரிந்துவிடும்.